வாசகர் கேள்வி – பதில்: மாயாவின் நான்காம் இடம்

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா, அதாவது மாதங்கி அருள்பிரகாசம், 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாடலால் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் நான்காம் இடத்தைத் தொட்டவர் என்று சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக எழுதிய பத்து வரி அது. அதற்கு வந்த கடிதங்களோ இந்தப் பகுதி முழுவதையும் நிரப்பப் போதுமானவையாக இருக்கின்றன. ஆகவே இம்முறை வேறு விடயங்களுக்கான கேள்விகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல் 2007இல் வெளிவந்தது, 2008 செப்டெம்பரில் நான்காம் இடத்துக்கு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பாட்டென்றால் வந்த கிழமையே ஏறியிருக்க வேண்டுமே, ஓராண்டு எங்கே கிடந்தது? – ஓர் ஆசிரியை, கல்லடி

எங்கும் போய்விடவில்லை, 'காலா' என்ற அல்பத்தின் பன்னிரண்டு பாடல்களில் பதினோராவதாக இருந்தது. அல்பத்தின் கடைசிக்கு முந்திய இடத்தில் வைக்கப்படும் பாடலை அதன் நிறுவனம் பெரிய வெற்றிப் பாடலாக எண்ணியிருக்கும் என்று சொல்ல முடியாது. 'போய்ஸ்', 'ஜிம்மி' ஆகிய பாடல்கள்தாம் முதலில் தனிப்பாடல்களாக விடப்பட்டன. 'பேப்பர் பிளேன்ஸ்' அவற்றுக்குப் பின், 2008 பெப்ரவரியில் வந்தது. வந்தபோதும் பெரிய அசைவு இல்லை. அந்த ஆண்டிலேயே 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற ஹொலிவூட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் இந்தப் பாடலைச் சேர்த்தார்கள். முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் இது என்ன பாட்டு என்று தேடித் தரவிறக்கம் செய்தார்கள், தரவிறக்கம் கூடியதும் வானொலி நிலையங்கள் போடத் தொடங்கின, வானொலியில் கேட்டவர்கள் மேலும் வாங்கினார்கள். இப்படி ஒன்றை ஒன்று தள்ளித்தான் பாடல் நான்காம் இடம்வரை ஏறியது.

பாட்டு உருவான கதை இதைவிடச் சுவையானது. 'காலா'வை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற பெயர்பெற்ற தயாரிப்பாளருடன் செய்வதாகவே முதலில் ஏற்பாடு. 2006இல் விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடங்களிலெல்லாம் ஒலிப்பதிவு செய்தார். கிடைக்காத அந்த விசாவைப் பற்றியும், குடியேறி வருகிறவர்களைக் கள்ளக் கடவுச்சீட்டுக்காரராகவும் கொள்ளைக்காரராகவும் பார்க்கும் கண்ணைப் பற்றியுமான கேலிதான் 'பேப்பர் பிளேன்ஸ்'. பாட்டின் அடியில் ஓடும் மெதுவான கிட்டார் ஒலி, 'த கிளாஷ்' என்ற பிரித்தானிய ரொக் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அந்தக் குழுவினரின் பெயர்களும் இந்தப் பாடலை எழுதியோர் பட்டியலில் இருக்கின்றன. பல்லவியில் வார்த்தைகள் பாதியில் நின்று, துப்பாக்கி வெடிக்கும் சத்தமும் காசுப்பெட்டி திறக்கும் மணியோசையும் வரும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியபோது அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள் என்று அவர் கோபப்பட்டார். வாசலில் நிறுத்தி வைத்த நாட்டிலேயே, அந்த நிறுத்தலைப் பற்றிய பாட்டு நான்காம் இடத்துக்கு வந்தது. விசா கிடைத்திருந்தால் நமக்கு வேறோர் அல்பம் கிடைத்திருக்கும். அது இந்த அளவுக்கு நன்றாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். டிம்பலாண்டுடன் செய்த ஒரு பாடல் 'காலா'வின் கடைசியில் இருக்கிறது. அதையும் மற்றவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

கேள்வி: அமெரிக்காவில் 4, அவர் பிறந்து வாழும் பிரித்தானியாவில் 19. சொந்த நாட்டில் மதிப்புக் குறைவா? – வாசகர் ஒருவர், காத்தான்குடி

மதிப்பின் வித்தியாசம் என்பதைவிட, எண்ணும் முறையின் வித்தியாசம் என்பதே பொருத்தம். அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகை 1958 ஓகஸ்ட்டில் தொடங்கிய 'ஹொட் 100' பட்டியல், விற்பனையோடு வானொலியில் ஒலிபரப்பாவதையும் சேர்த்துக் கணக்கிடுவது. பிரித்தானியப் பட்டியல் வானொலியைக் கணக்கில் எடுப்பதில்லை. 2014இல் இணையவழிக் கேட்டலைச் சேர்க்கும்வரை அது விற்பனையை மட்டுமே எண்ணியது. வானொலி தூக்கிவிட்ட ஒரு பாட்டு, வானொலியை எண்ணுகிற நாட்டில் கூடுதலாக உயர்வதில் வியப்பில்லை.

இந்தப் பட்டியல்களின் பிறப்பும் ஒன்றும் பெரிய விஞ்ஞானமல்ல. பிரித்தானியாவில் முதலாவது பட்டியல் 1952 நவம்பரில், ஓர் இசைப் பத்திரிகையின் ஊழியர் இருபது கடையளவுக்குத் தொலைபேசி எடுத்து, எந்தத் தட்டு நன்றாகப் போகிறது என்று கேட்டுக் கூட்டி எழுதியதுதான். அமெரிக்காவிலும் 1991வரை கடைக்காரர் சொல்வதையும் வானொலிக்காரர் சொல்வதையும் நம்பித்தான் பட்டியல் போட்டார்கள். அவர்களைக் 'கவனித்து' வைத்தால் பாட்டு ஏறும். அந்த ஆண்டின் இறுதியில்தான் பொதியிலுள்ள பட்டைக்குறியை இயந்திரம் வாசித்து எண்ணும் முறை 'ஹொட் 100'க்கு வந்தது. பிரித்தானியப் பட்டியல் பிறந்த அதே 1952ஆம் ஆண்டின் கடைசியில்தான் இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் வைத்து ஹிந்திப் பாடல்களுக்கு வாராவாரம் இடம் கொடுத்தது அந்த நிகழ்ச்சி. இந்தியா முழுவதும் காதைத் தீட்டிக் கொண்டு கேட்ட தரவரிசை கொழும்பிலிருந்து போனது.

கேள்வி: ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து அவர் ஒஸ்கார் விருது வாங்கினார் என்று என் பேரன் சாதிக்கிறான். சரியா? – ஓய்வுபெற்ற தபாலதிபர், களுவாஞ்சிக்குடி

ஐயா, பேரன் பாதி சரி. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து செய்த 'ஓ... சாயா' என்ற பாடல் 2009ஆம் ஆண்டு ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே படத்தின் 'ஜெய் ஹோ' விருதை வென்றது. அந்த விருது ரஹ்மானுக்கும் பாடலாசிரியர் குல்சாருக்கும் உரியது. 'பேப்பர் பிளேன்ஸ்' அவ்வாண்டு அமெரிக்க இசை விருதான கிராமியின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிந்துரையில் இருந்தது. அதுவும் கைக்கு வரவில்லை.

கிராமி மேடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலின் ஒரு வரியை வெட்டி எடுத்து, ஜே-சீ, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரு ராப் பாடல் செய்திருந்தார்கள். 2009 பெப்ரவரி 8ஆம் திகதி அந்த நால்வரோடும் மாயா மேடையேறியபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவர் குறித்த நாளே அன்றுதான். சில நாட்களில் மகன் பிறந்தான். நம் ஊரில் அந்த நிலையிலுள்ள பெண்ணைப் படி இறங்கவே விடமாட்டோம்.

கேள்வி: 'பேர்ட் ஃபுளூ' பாடலில் கேட்பது நம்முடைய பறைமேளம்தானே? – வாசகி, மண்டூர்

இல்லை, அது உறுமி. சென்னையில் உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். இரு முகமும் நடுவில் ஒடுங்கிய உடலும் கொண்ட வாத்தியம் அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, பெயருக்கேற்ற உறுமல் எழும், மறுமுகத்தை அடிப்பார்கள். நம் பக்கத்துப் பறையில் அந்தத் தேய்ப்பு இல்லை. ஆனாலும் உங்கள் காது முற்றாகப் பிழைக்கவில்லை. கோயில் வீதியில் பல மேளங்கள் ஒரே நேரத்தில் முழங்கும்போது எது முன், எது பின் என்று பிரிக்க முடியாத நெரிசல் ஒன்று வருமே, அதைத்தான் அவர் அந்தப் பாட்டில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். மேற்கத்தைய பொப்பிசையில் ஒவ்வோர் ஒலியும் துடைத்து அடுக்கிய பாத்திரம்போல் தனித்தனியாகக் கேட்கும். இவருக்கு அது பிடிக்காது. 'ரோலன்ட் எம்சி-505' என்ற ஒரு சிறிய தாளக் கருவியை வைத்துக்கொண்டு வீட்டில் பாட்டுப் பண்ணத் தொடங்கியவர் அவர். ஓவியமும் திரைப்படமும் படித்தவரே தவிர, சங்கீதம் படித்தவரல்லர்.

கேள்வி: அவர் மட்டக்களப்பா? – பலர்

இலண்டனில் ஹவுன்ஸ்லோ பகுதியில் 1975இல் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பத்து வயதளவில் தாயோடு இலண்டன் திரும்பியவர். மட்டக்களப்பு அல்லர்.

கேள்வி: அல்பங்களில் எது பெரிய வெற்றி? 'மாயா'தான் மேலே போனது என்று படித்தேன். – கல்லூரி மாணவர், அக்கரைப்பற்று

படித்தது சரி, முடிவு பிழை. 2005இல் தந்தையின் பெயரால் வந்த 'அருளர்' அமெரிக்க அல்பம் பட்டியலில் 190ஆம் இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிரித்தானியாவில் ஆண்டின் சிறந்த அல்பத்துக்குத் தரும் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தாயின் பெயரால் வந்த 'காலா' 18ஆம் இடம். 2010இல் தன் பெயராலேயே வந்த 'மாயா' 9ஆம் இடம். எண்ணை மட்டும் பார்த்தால் மாயா முதலாவது, காலா இரண்டாவது. ஆனால் ஒரு பாடகர் பிரபலமான பிறகு அடுத்த அல்பத்தை முதல் வாரத்தில் வாங்கக் காத்திருக்கும் கூட்டம் அந்த அல்பத்துக்கு வந்த கூட்டமல்ல, முந்தியதற்கு வந்த கூட்டம். 'மாயா' அந்தக் கடனில் ஏறியது. 'காலா'வோ மெல்ல மெல்ல விற்று, அமெரிக்காவில் 5 இலட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றிதழை 2010இல் பெற்றது. உச்ச இடத்தோடு, எவ்வளவு காலம் விற்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலாம் இடம் அவருக்குக் கிடைத்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைத்தது, 2020 ஒக்டோபரில். டிராவிஸ் ஸ்கொட்டின் 'ஃபிராஞ்சைஸ்' பாடலில் விருந்தினராக. வந்த முதல் வாரமே உச்சியில் இருந்த அந்தப் பாட்டு, அடுத்த வாரமே இறங்கிவிட்டது. ஓராண்டு நடந்து வந்த நான்காம் இடத்தை நான் இந்த முதலாம் இடத்துக்கு மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் வீட்டிலேயே ராப் பாடல் பதிவு செய்து யூரியூபில் போடுகிறோம். இலட்சம் பேர் பார்த்தால் பில்போர்ட்டில் வருமா? – இளைஞர், கல்முனை

'ஹொட் 100'இல் வராது, தம்பி. அந்தப் பட்டியல் அமெரிக்காவுக்குள் கேட்கப்படுவதை மட்டும் எண்ணுவது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் எத்தனை இலட்சம் பேர் பார்த்தாலும் அதில் ஒன்றாகக்கூடச் சேராது. 2020 செப்டெம்பரில் பில்போர்ட் 'குளோபல் 200' என்று இன்னொரு பட்டியல் தொடங்கியிருக்கிறது. அது 200க்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆட்புலங்களையும் எண்ணுகிறது. அங்கும் இலட்சம் போதாது, ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே கேட்கப்படுவதும் கணக்கில் சேர வழியுண்டு. அதற்குப் பாடலுக்குரிய பன்னிரண்டு எழுத்து-இலக்கங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டை எடுத்து, முறையான விநியோகத்தின் வழியாகப் போடுங்கள். இன்னொருவரின் இசையை வெட்டிச் சேர்த்திருந்தால் அனுமதியும் வாங்குங்கள். 'த கிளாஷ்' குழுவின் பெயர் ஏன் பட்டியலில் இருக்கிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

என் வாலிபத்தில், கடையில் வெற்றுக் கசெட்டையும் பாட்டுப் பெயர்கள் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'யை நான் அப்படித்தான் சொந்தமாக்கிக் கொண்டேன். அந்தக் கசெட்டை எந்தப் பட்டியலும் எண்ணவில்லை, மனோகரனுக்கும் அதில் ஒரு சதம் போயிருக்காது. முதல் பாட்டான 'கலாங்'கை மாயா 2003இல் 500 இசைத்தட்டு மட்டுமே அடித்து வெளியிட்டார். அதைக் கேட்டவர்கள் வழியாகத்தான் அடுத்த ஆண்டு எக்ஸ்.எல். என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது. உங்கள் பாட்டின் இணைப்பை எனக்கும் அனுப்பி வையுங்கள். இந்தக் கிழமைக்குள் கேட்டுவிட்டுப் பதில் போடுகிறேன்.