வெறும் சொந்தக் காரணமா?

கேள்வி: அண்ணி இறந்த பிறகு என் அண்ணன் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "டார்வின்கூட மகள் செத்த கோபத்தில்தான் கர்த்தரை விட்டார், சாகும்போது மனம் திரும்பினார். உங்கள் அண்ணனும் திரும்புவார்" என்கிறார் எங்கள் பாஸ்டர். யோசித்து விட்டிருந்தால்கூட ஒரு மரியாதை இருக்கும். இது வெறும் சொந்தக் காரணம்தானே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 'வெறும்' என்பதை எடுத்துவிட்டு உங்கள் கேள்வியை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு மனிதருக்கு மனைவி போய்விட்டாள். இதைவிடப் பெரிய காரணம் அவருக்கு எங்கிருந்து வர வேண்டும்? நம்பிக்கை வந்ததற்கு ஒருவரிடம் சொந்தக் காரணம் இருந்தால் அதற்குச் 'சாட்சி' என்று பெயர் வைத்து, மைக்கைக் கையில் கொடுத்துப் பேச வைக்கிறோம். காய்ச்சல் தீர்ந்தது, கடன் அடைந்தது, பத்து வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். சபை அல்லேலூயா சொல்கிறது. காய்ச்சல் தீராமல் பிள்ளையைப் பறிகொடுத்தவர் வாயைத் திறந்தால் அவர் மட்டும் பின்மாற்றக்காரர், விசுவாசத்தை விட்டு விலகியவர். ஜெபம் கேட்கப்பட்டது சாட்சி என்றால் கேட்கப்படாததும் சாட்சிதான். இந்த ஓரவஞ்சனையைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் எழுதுவேன்.

சரி, டார்வினுக்கு வருவோம். அவருடைய மூத்த மகள் ஆனி. 1851 ஏப்ரலில், பத்து வயதில், மால்வர்ன் என்ற ஊரில் இறந்தாள். அங்கே டாக்டர் கல்லி நடத்திய தண்ணீர் வைத்தியத்துக்காக அழைத்துப் போயிருந்தார்கள். தாய் எம்மா அடுத்த மாதம் பிரசவம் என்ற நிலையில் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் நிலையை மனைவிக்குக் கடிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார் டார்வின். அவள் போன ஒரு வாரத்தில், மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதி வைத்தார். அப்பாவுக்காக ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் திருடிக்கொண்டு மாடிப்படியில் ஓடி வருவாள். அரைமணி நேரம் நின்று அப்பாவின் தலைமுடியை வாரி 'அழகாக்கி' விடுவாள். கடைசியில் அவர் தண்ணீர் கொடுத்தபோது, "ரொம்ப நன்றி" என்றாளாம். தன்னிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அது என்று குறித்திருக்கிறார். வீட்டின் மகிழ்ச்சியையும் எங்கள் முதுமையின் ஆறுதலையும் இழந்துவிட்டோம் என்கிறார். அந்தப் பக்கங்களில் கோபத்தைத் தேடினேன். கடவுளைத் திட்டி ஒரு வரிகூடக் கிடையாது.

அப்புறம், பாஸ்டரின் கணக்கில் வருஷமே உதைக்கிறது. டார்வின் தன் சந்தேகங்களை எம்மாவிடம் சொன்னது 1838இல், கல்யாணத்துக்கு முன்பு. ஆனி பிறந்ததே 1841இல்தான். பெண்டாட்டியிடம் இதையெல்லாம் சொல்லாதே, மறைத்துவை என்று அவருடைய அப்பாவே புத்தி சொல்லியும் அவர் மறைக்கவில்லை. செத்த பிறகு நாம் இருவரும் ஒன்றாக இருக்க மாட்டோமோ என்ற பயத்தோடு எம்மா ஒரு கடிதம் எழுதினார். அதை டார்வின் கடைசிவரை வைத்திருந்தார். 'நான் போன பிறகு தெரிந்துகொள், இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்' என்று அதன்மேல் எழுதியும் வைத்தார். நம்பிக்கையின்மை மிக மெதுவாக, தனக்கே வலி தெரியாதபடி வந்து சேர்ந்தது என்பது 1876இல் அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பு. மகளின் சாவு அதில் கடைசி அடியாக விழுந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அவர் வாயால் அப்படிச் சொல்லவில்லை.

அவர் வாயால் சொன்ன சொந்தக் காரணம் வேறு. அதைத்தான் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அவருடைய அப்பா ராபர்ட், ஊர் மதித்த வைத்தியர், விசுவாசி அல்ல. அண்ணன் எராஸ்மஸும் அப்படியே. விசுவசியாதவருக்கு நித்திய நரகம் என்பது உண்மையானால் என் அப்பாவும் அண்ணனும் என் நெருங்கிய நண்பர்கள் அநேகமாக எல்லோரும் அங்கேதான் போக வேண்டும், அப்படிப்பட்ட மதம் உண்மையாக இருக்க வேண்டுமென்று ஒருவர் ஆசைப்படுவதே எப்படி என்று கேட்டு, அது படுகேவலமான போதனை என்று எழுதினார். இது சொந்தக் காரணமா, யோசித்துச் சொன்ன காரணமா? என்னால் பிரிக்க முடியவில்லை. கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலுக்குள்ளிருந்து தின்று வளரும்படி ஒரு குளவியை அன்பான கடவுள் படைத்திருப்பாரா என்று 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினாரே, அதையும்கூட ஆராய்ச்சி என்று ஒரு பக்கமாக ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகளைப் புதைத்த ஒருவர் கேட்கும் கேள்வி அது.

நரகத்தைப் பற்றிய அந்த வரிகளை அச்சில் போட வேண்டாம், ரொம்பப் பச்சையாக இருக்கிறது என்று அவர் இறந்த சில மாதங்களில் எம்மா குறிப்பு எழுதினார். நித்திய தண்டனையை எவ்வளவு திட்டினாலும் தகும், ஆனால் இப்போது யார் அதைக் கிறிஸ்தவம் என்கிறார்கள் என்பது அவருடைய நியாயம். 1887இல் வந்த தன்வரலாற்றுப் பதிப்பில் அந்த வரிகள் இல்லை. பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் திரும்பச் சேர்த்தார். எம்மாமீது எனக்கு மிகுந்த மரியாதை. இருந்தாலும் அந்த எழுபது வருஷ வெட்டுதான் கண்ட கதைக்கும் இடம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அதில் ஒன்றுதான் உங்கள் பாஸ்டர் சொன்ன மனந்திரும்புதல். லேடி ஹோப் என்ற சுவிசேஷகியின் பெயரில் 1915இல் ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் பத்திரிகையில் வந்த கதை அது. டார்வின் படுக்கையில் பைபிள் வாசித்தாராம், தன் கொள்கைக்காக வருந்தினாராம். அப்பாவின் மரணப்படுக்கையில் நான் இருந்தேன், அந்த அம்மாள் இருக்கவில்லை என்று மகள் ஹென்ரியட்டா 1922இல் எழுத்திலேயே மறுத்துவிட்டார். சாவுக்குத் தான் கொஞ்சமும் பயப்படவில்லை என்றும், நீ எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்றும் எம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர் டார்வின். சாகிறவர் வாயில் பொய்யை வைப்பது எந்த ஊழியத்தில் சேர்த்தி?

மேடைப் பகுத்தறிவு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்க்ஸ் 'மூலதன'த்தை டார்வினுக்குச் சமர்ப்பிக்கக் கேட்டார், அவர் மறுத்தார் என்று இன்னமும் பேசுகிறீர்கள். 1880 அக்டோபர் 13 தேதியிட்ட டார்வினின் அந்த மறுப்புக் கடிதம் மார்க்ஸுக்கு எழுதியதல்ல, அவருடைய மகள் எலினாருடன் பின்னால் வாழ்ந்த எட்வர்ட் அவெலிங்குக்கு எழுதியது என்று 1970களிலேயே தெளிவாகிவிட்டது. அவெலிங்கின் காகிதங்கள் மார்க்ஸின் காகிதங்களோடு கலந்ததால் வந்த குழப்பம். பெயரைத் திருத்துவதோடு நிறுத்தாமல் கடிதத்தையும் வாசித்துக் காட்டுங்கள். மதத்தை நேருக்கு நேர் தாக்குவதால் மக்களிடம் ஒரு பலனும் இல்லை, அறிவு வளர வளர மனம் தானாகத் தெளியும் என்கிறார். அதோடு, இப்படிப்பட்ட தாக்குதலுக்கு நான் துணைபோனால் என் குடும்பத்தில் சிலருக்கு வலிக்கும், அந்த எண்ணமும் என்னை அளவுக்கு மீறிப் பாதித்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார். எம்மாவோடு அவர் வாழ்ந்தது நாற்பத்து மூன்று வருஷம். எம்மா பைபிளை விடவில்லை, டார்வின் பைபிளுக்குத் திரும்பவில்லை.

உங்கள் அண்ணன் ஏன் வருவதில்லை என்பதை பாஸ்டரிடமும் என்னிடமும் கேட்டிருக்கிறீர்கள். அண்ணனிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை, நடுவில் ஒரு வசனமும் எடுத்துவிடாமல் கேளுங்கள்.