தொழில்நுட்பத்தில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வருமா? – கேள்வி பதில்

கல்லூரி மாணவி: புதியன படைக்கும் திறனை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் உலகப் புத்தாக்கக் குறியீட்டில் 2015-இல் 81-ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2024-இல் 39-ஆம் இடத்துக்கு உயர்ந்திருக்கிறது. விரைவில் முன்வரிசைக்கு வந்துவிடுமா?

பதில்: இந்த முன்னேற்றம் உண்மையானது, ஆனால் இன்னும் அடித்தளம் மெலிந்தே இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது சுமார் 0.64 விழுக்காடு, சீனா 2.5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, தென்கொரியா 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அந்த நாடுகளில் இச்செலவின் முக்கால் பங்கைத் தொழில் நிறுவனங்களே ஏற்கின்றன. இங்கோ தனியாரின் பங்கு நாற்பது விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. உரிமக் கட்டணம் கட்டி அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொள்வதே லாபம் என்று நம் பெருநிறுவனங்கள் கணக்குப் போடும் வரை, அரசு எவ்வளவு ஒதுக்கினாலும் இந்த இடைவெளி அடைபடாது.

மென்பொருள் பொறியாளர்: சிப் ஆலைகள் வருகின்றனவே?

பதில்: வருகின்றன, வரவேற்க வேண்டும். 2021 டிசம்பரில் சிப் உற்பத்தியை ஊக்குவிக்க 76,000 கோடி ரூபாய் திட்டம் அறிவிக்கப்பட்டது. குஜராத்தின் தொலேராவில் டாட்டா நிறுவனம் தைவானின் பவர்சிப் நிறுவனத்துடன் சேர்ந்து அமைக்கும் ஆலை 28 நானோமீட்டர் அளவிலும் அதைவிடப் பெரிய, பழைய அளவுகளிலும் சிப்புகள் செய்யும். உயர்ரகச் செல்பேசிகளின் மூளையாக இயங்கும் 3 நானோமீட்டர் சிப்புகள் அங்கே உருவாகப்போவதில்லை என்றாலும், கார்களுக்கும் மின்சாதனங்களுக்கும் 28 நானோமீட்டர் தாராளமாகப் போதும். உண்மையில் பஞ்சாபின் மொகாலியில் 1980-களிலேயே அரசின் சிப் ஆலை இயங்கியது. 1989-இல் தீ விபத்தில் அது சேதமடைந்தபோது, இன்று சிப் உற்பத்தியில் உலகின் முன்னணியில் நிற்கும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் தொடங்கி இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர்கள் இடைவிடாமல் முதலீடு செய்தார்கள். நாம் மொகாலியைத் தூக்கி நிறுத்தவே பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம்.

பள்ளி ஆசிரியர்: அப்படியானால் நம் பலம் எதில்?

பதில்: குறைந்த செலவில், கோடிக்கணக்கானோருக்குப் பயன்படும்படி ஒன்றை வடிவமைப்பதில். 2016-இல் தொடங்கிய யுபிஐ, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி, குறைந்த செலவில் உருவான சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே இறங்கியது.

ஆராய்ச்சி மாணவர்: திறமையானவர்கள் வெளிநாடு போய்விடுகிறார்களே?

பதில்: போகிறவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. மாத உதவித்தொகை தாமதமாகி, இறக்குமதி செய்ய வேண்டிய ஒரு வேதிப்பொருளுக்காகக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தால், யார்தான் பொறுத்திருப்பார்கள்? 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி தனியார் துறையை ஊக்குவிப்பதற்கானது. பல்கலைக்கழக ஆய்வகங்களின் கொள்முதல் விதிகளையும் உதவித்தொகை வழங்கும் முறையையும் தனியாகத்தான் சீர்செய்ய வேண்டும்.