பழைய வீட்டு வயரிங்: கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: எங்கள் வீடு கட்டி 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. வயரிங் அன்றைக்குப் போட்டதுதான். மரச் சட்டத்தின் மேல் ஓடும் வயர், பீங்கான் ஃபியூஸ், பாதி அறைகளில் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக். மொத்தமாக மாற்ற எலக்ட்ரீஷியன் சொன்ன தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இப்போதைக்கு ஸ்விட்சுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், ஸ்விட்ச் கடைசி வேலை. வெளியே புதுசாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் உறை காய்ந்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தால் ஆபத்து குறையாது. புது ஸ்விட்ச் மாட்டுவதற்காக அந்த வயரை இழுத்து வளைக்கும்போது மிச்சமிருக்கிற உறையும் விரிசல் விடும். பணம் குறைவாக இருக்கும்போது முதலில் ஷாக் அடிக்காமல் இருக்கச் செலவு செய்யுங்கள், அடுத்து தீப்பிடிக்காமல் இருக்க. கூடுதல் பிளக், அழகான பிளேட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேலை தொடங்கும் முன் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்து ஒவ்வொரு லைனையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, பிளக்கில் இருக்கிற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் கொடுத்து உறை தாங்குகிறதா என்று பார்க்கிற சோதனை இது. உறையின் மின்தடை 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைனை உடனே மாற்ற வேண்டும். நன்றாகக் காட்டுகிற பி.வி.சி. உறை வயரை, அதன் தடிமன் அந்த லைனின் லோடுக்குப் போதும் என்றால், அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம். ரப்பர், துணி உறை வயர் மட்டும் சோதனையில் தேறினாலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அது போகத்தான் வேண்டும். “மொத்தமாக மாற்றுங்கள்” என்ற ஒற்றைத் தொகையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டாலே எது அவசரம் என்று தெரிந்துவிடும்.

முதல் கட்டத்தில் எர்த், ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரன்ட்டைத் தானாக வெட்டும் ஸ்விட்ச்), புது டி.பி. பாக்ஸ் (மெயினிலிருந்து எல்லா லைனும் பிரிகிற பெட்டி) இந்த மூன்றும் வந்துவிட வேண்டும். ஃபேஸில் போகிற கரன்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரன்ட்டும் சமமா என்று ஆர்.சி.சி.பி. பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் எங்கோ கசிகிறது, ஒருவேளை யாரோ ஒருவரின் உடம்பு வழியாக. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் உள்ளதை வாங்குங்கள். அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் லைனை வெட்டிவிடும். எர்த் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் வெட்டும். எர்த் இருந்தால் கோளாறு வந்த உடனேயே, யாரும் தொடுவதற்கு முன்பே வெட்டிவிடும். அதனால் ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விடாதீர்கள். இன்னொன்று, பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு எப்போதோ குழாயின் ஒரு துண்டைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துபோயிருக்கும், குழாயில் ஷாக் அடிக்கும் வரை யாருக்கும் தெரியாது. இருக்கிற எர்த்தை அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி “எர்த் கொடுத்தாச்சு” என்பவரை அனுப்பிவிடுங்கள்: நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் ஃபிரிட்ஜின் உடம்பிலேயே மின்சாரம் ஏறிவிடும்.

இரண்டாவது கட்டம் சமையலறையும் ஹீட்டரும். கரன்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும், அதனால்தான் விளக்குக்காகப் போட்ட மெல்லிய வயரில் மிக்சி, அவன், ஹீட்டர் எல்லாம் தொங்கும்போது இணைப்புகள் கருகுகின்றன. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இவற்றுக்கு டி.பி. பாக்ஸிலிருந்து நேராகத் தனி லைன் போடுங்கள். பொதுவாக விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பாயின்ட்டுக்கு 2.5, ஹீட்டர், ஏ.சி. போன்றவற்றுக்கு 4 என்று செம்பு வயர் போடுவார்கள்; தூரம் அதிகமானால் இன்னும் தடிமன் வேண்டும். இந்தச் சுமை விலகியதுமே பழைய லைன்களில் சூடு குறையும், படுக்கையறையையும் கூடத்தையும் அடுத்து பணம் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பல வீடுகளில் வயரைவிடச் சுவரைக் கொத்தி, பூசி, பெயின்ட் அடிக்கிற செலவுதான் பெரிது. உங்களுடையது சுவருக்கு மேலே ஓடுகிற வயரிங் என்பதால் அதே வழியில் பி.வி.சி. கேசிங் (வயரை உள்ளே வைத்து மூடுகிற பிளாஸ்டிக் பட்டை) வைத்துக்கொண்டு போனால் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டியதில்லை. பார்க்கக் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும், ஆனால் பாதுகாப்பில் குறை ஒன்றுமில்லை, பின்னால் ஒரு லைன் சேர்ப்பதும் சுலபம். சுவருக்குள் குழாய் இருக்கிற வீட்டுக்காரர்கள், குழாய் நசுங்காமல் இருந்தால், பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லலாம். எந்த ஃபியூஸைக் கழற்றினால் எந்தெந்த பாயின்ட் நிற்கிறது என்று அறை அறையாக எழுதிவைப்பது, சாமான்களை நகர்த்திச் சுவரைக் காலி செய்து கொடுப்பது, இதெல்லாம் நீங்களே செய்யலாம். கூலியில் நல்ல மிச்சம் தெரியும். வயரில் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய வயரிங்கில் நிறத்தைப் பார்த்து இது ஃபேஸ், இது நியூட்ரல் என்று முடிவு செய்யவே முடியாது.

கேள்வி: அடிக்கடி டிரிப் ஆகிறது (தானாக அணைந்துவிடுகிறது) என்று எலக்ட்ரீஷியன் 10 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 20 போட்டார். இப்போது டிரிப் ஆவதில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை, உடனே பழையபடி மாற்றச் சொல்லுங்கள். எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரன்ட் போனால் லைனைத் தானாக வெட்டுகிற ஸ்விட்ச், அது இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். வயர் அதே மெல்லிய வயர், இப்போது அது சூடாகி உறை உருகினாலும் நிறுத்த ஆள் இல்லை. எந்தப் பொருளைப் போட்டால் டிரிப் ஆகிறது என்று கவனித்து அதற்குத் தனி லைன் போடுவதுதான் தீர்வு. ஃபியூஸில் தடித்த கம்பி கட்டுவதும் இதே தப்புதான்.

கேள்வி: புதிதாக ஆர்.சி.சி.பி. வைத்ததிலிருந்து ஒரு நாளைக்குப் பல தடவை வீடே இருண்டுவிடுகிறது. கழற்றிவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: தயவுசெய்து கழற்ற வேண்டாம். அது புதிதாக எந்தக் கோளாறையும் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் காட்டுகிறது. பழைய வீடுகளில் வழக்கமான காரணம், ஒரு லைனின் நியூட்ரலை வேறொரு லைனிலிருந்து எடுத்திருப்பது. ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் நியூட்ரல்கள் கலந்திருந்தால் கணக்கு ஒத்துவராமல் வெட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த சந்தேகம் ஹீட்டர் காயில், ஈரம் இறங்கிய வெளி விளக்கு, மோட்டார். எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினால் குற்றவாளி பெரும்பாலும் சிக்கிவிடும். எதுவும் மாட்டாமலே வெட்டினால் கோளாறு வயரிங்கில்தான், அப்போது மெக்கர் சோதனை வேண்டும். அந்தப் பெட்டியிலேயே டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், இடையிடையே அழுத்திப் பாருங்கள், வெட்டவில்லை என்றால் மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஸ்விட்சில் சின்ன இன்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகப் போகிற துளி கரன்டே காரணமாக இருக்கலாம், அதில் பெரிய ஆபத்து இல்லை. இன்டிகேட்டர் இல்லையென்றால் ஸ்விட்சை ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். சின்ன வேலைதான், முதல் கட்டத்திலேயே சேர்த்துச் செய்துவிடலாம், அதுவரை பல்பு மாற்றுவதானால் மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.