முன்பதிவு மென்பொருளில் பழைய நிரல்: எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள் சிலவற்றுக்கு முன்பதிவு மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். பைதன் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைதன் 2 காலத்து வரிகள், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் உள்ளதை யூனிகோடாக்கும் மாற்றி, பழைய அடையாள அட்டை எண்ணுக்கான சோதனை, விடுதிக்காரர்களின் ஃபோனில் உள்ள பழைய ஆப்புக்கான ஏபிஐ (ஆப் சேர்வரோடு பேசும் வழி) எல்லாம் அப்படியே கிடக்கின்றன. மொத்தமாகத் துடைத்துவிடலாமா?
வாசகர், திருகோணமலை

பதில்: மொத்தமாக வேண்டாம். எழுதி எத்தனை வருடம் என்று பார்க்காதீர்கள். அந்த நிரலை இன்றைக்கும் யார் பயன்படுத்துகிறார்கள், அவர்களை மாறச் சொல்ல உங்களால் முடியுமா என்று பாருங்கள்.

பைதன் 2 இலகுவான விஷயம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நின்றுவிட்டது, சேர்வரும் உங்கள் கையில். எல்லாம் பைதன் 3இல் ஓடுவது உறுதியென்றால் இரண்டு பதிப்பிலும் ஓடவைக்கும் 'சிக்ஸ்' நூலகத்தையும் அதைச் சுற்றிய இஃப் வரிகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். ஓடாத குறிப்பாக (கமென்டாக) மாற்றி வைக்கவும் வேண்டாம், மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் பழையது இருக்கும்.

அடையாள அட்டைச் சோதனையைத் தொடவே தொடாதீர்கள். 12 இலக்க எண் 2016இல் வந்தது. ஆனால் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸும் உள்ள பழைய அட்டையோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இந்த 500 புதிய எண்ணிலும் உண்டு. பழைய அட்டைக்கானது என்று நினைத்து அந்த ஃபங்ஷனை அழித்தால், புதிய அட்டை வைத்திருக்கும் பெண்களின் பிறந்த திகதியும் பிழையாக வரும். நீக்குவதை விட்டுவிட்டு, அந்த வரிக்கு மேலே காரணத்தை எழுதி வையுங்கள்.

பாமினி மாற்றியை நீக்கலாம், தரவை மாற்றிய பிறகு. டேட்டாபேஸில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அவை இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. ஒரே தடவையில் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: வெளிநாட்டு விருந்தினரின் பெயர் உண்மையாகவே ஆங்கில எழுத்தில் இருக்கும். எல்லா வரியையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அவை ஒன்றுக்கும் உதவாத எழுத்துக்கூட்டமாகிவிடும். நாடு என்ற கட்டத்தை வைத்துப் பிரியுங்கள், சந்தேகமானதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் மாற்றியைத் தனி ஸ்கிரிப்டாக எடுத்து வையுங்கள். பழைய பெக்கப்பைத் திறக்கும் நாளில் அது வேண்டியிருக்கும்.

உண்மையில் யோசிக்க வேண்டியது ஏபிஐதான், ஏனென்றால் அந்த ஃபோன்கள் உங்களுடையவை அல்ல. பழைய ஏபிஐக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் எந்த விடுதியிலிருந்து என்று லொக்கில் (சேர்வரின் பதிவேட்டில்) பதியுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு அழைப்பும் இல்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், வடகீழ்ப் பருவமழையில் இங்கே அறைகள் காலியாகத்தான் கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை சீசன், லாச்சியில் கிடந்த பழைய ஃபோன் அப்போதுதான் வெளியே வரும். அந்த மாதங்களின் லொக்கைப் பார்த்து, மிச்சமிருப்பவர்களை நேரே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நவம்பரில் பழைய ஏபிஐ 'ஆப்பைப் புதுப்பிக்கவும்' என்ற செய்தியை மட்டும் திருப்பி அனுப்பட்டும். பழைய ஆப் அதைத் திரையில் காட்டுகிறதா என்று முன்பே ஒரு ஃபோனில் பரிசோதித்துவிடுங்கள். சில வாரம் முறைப்பாடு வராவிட்டால், வேறெதையும் கலக்காமல் கிட்டில் தனிக் கொமிட்டாக (ஒரே மாற்றப் பதிவாக) நீக்குங்கள்.