வயதும் பாலினமும் சேர்ந்து வரும்போது: வேலையிடக் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: மேடம், "35 வயதுக்குள் இருப்பவர்கள் மட்டும்" என்று தனியார் கம்பெனி விளம்பரம் போடலாமா?

பதில்: போடுகிறார்கள், அதைத் தடுக்கும் பொதுவான சட்டம் இங்கே இல்லை. அமெரிக்காவில் 40 வயது நிரம்பியவர்களைக் காக்க 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் அரசியலமைப்பின் 16(2) பிரிவு மதம், சாதி, பால் என்று அடுக்குகிறது. வயது அதில் இல்லை. அதுவும் அரசு வேலைக்குத்தான்.

கேள்வி: ஏர் இந்தியா வழக்கில் விமானப் பணிப்பெண்கள் ஜெயித்தார்களே?

பதில்: பாதிதான் ஜெயித்தார்கள். அன்றைய விதியில் மூன்று கட்டங்கள்: 35 வயது, சேர்ந்த 4 ஆண்டுக்குள் கல்யாணம், முதல் கர்ப்பம். இதில் எது முதலில் வந்தாலும் பணிப்பெண்ணுக்கு வேலை போய்விட்டது. அதே விமானத்தில் பறந்த பர்சருக்கு, அதாவது ஆண் விமானப் பணியாளருக்கு, ஓய்வு வயது 58! 1981-ல் நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. 35-க்கு மேல் பணி நீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் இஷ்டத்துக்கு விட்டிருந்ததையும் ரத்து செய்தது. கல்யாண விதி தப்பித்துக்கொண்டது. பணிப்பெண்ணும் பர்சரும் வேறு வேறு பணிப்பிரிவு, எனவே இது பால் என்ற ஒரே காரணத்துக்காகக் காட்டிய பாகுபாடு ஆகாது என்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. 36 வயது ஆண் பறக்கலாம், 25 வயதுப் பெண் பறக்கலாம், 36 வயதுப் பெண் மட்டும் இறங்க வேண்டுமா? 2018-ல், ஓரினச்சேர்க்கை குற்றமல்ல என்று சொன்ன நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பில், உச்ச நீதிமன்ற நீதிபதி சந்திரசூட் "பால் என்ற ஒரே காரணம்" என்ற அந்தப் பழைய பார்வையை விமர்சித்தார்.

கேள்வி: எனக்கு 46 வயது, ஐ.டி. வேலை. "யங் டீம் வேண்டும்" என்று எச்.ஆர். ராஜினாமா கேட்கிறார்.

பதில்: அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அம்மா. போட்டால் நீங்களாகவே போனதாக ஆகிவிடும். காரணத்தை மெயிலில் கேளுங்கள். அப்ரைசல் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், உங்கள் வயது ஆண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், இளம் பெண்கள் எத்தனை பேர் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால், "பெண்கள் இருக்கிறார்களே", "ஐம்பது வயதுக்காரரும் இருக்கிறாரே" என்று நழுவிவிடுவார்கள்.

கேள்வி: நான் திருநங்கை, வயது 41. வயதைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு.

பதில்: உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். பதவி உயர்வும் அதில் அடக்கம். நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவரிடம் எழுத்தில் கொடுங்கள். வயதைப் பற்றி அவர்கள் சொன்னதையும் அப்படியே எழுதுங்கள். அதே வயதில் உயர்வு பெற்ற மற்றவர்களைப் பெயரோடு குறிப்பிடுங்கள்.