வயிற்றுச் சதைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்தும் வயிறு தளர்வாகவே இருப்பது ஏன்?

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகியும் வயிறு இறுகவில்லை, மருத்துவர் சரியாகச் செய்யவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு பல இரவுகள் தூங்காமல் கிடந்தவள் நான்.

இரண்டு சிசேரியனுக்குப் பிறகு என் அடிவயிறு மடிந்து தொங்கியது; வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண் வரும். சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் பெங்களூரு போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் அறுப்பு தொடங்கியது, ஆள் கிடைக்கவில்லை. ஐந்தாவது வாரமே 20 கிலோ பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். பெரிதாக வலிக்காததால் தவறு செய்கிறேன் என்றே தோன்றவில்லை.

தீபாவளிக்குள் தோல் நன்றாகப் படிந்துவிட்டது. ஆனால் தொப்புளுக்கு மேலே மட்டும் மாலையானால் புடைத்துக்கொள்ளும். "இவ்வளவு செலவு செய்தும் பழைய வயிறுதானே தெரிகிறது" என்று அத்தை வருத்தப்பட்டார்.

தளர்வு என்று நாம் சொல்வது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கிள்ளினால் மெல்லிய தோல் மட்டும் கையில் வந்தால் அது மிஞ்சிய தோல். உட்காரும்போது மட்டும் மடிப்பு விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். குனிய நிமிரத் தோல் வேண்டும் அல்லவா? தட்டினால் தண்ணீர்ப் பைபோல் அலை எழுந்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கலாம், அதை மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை இந்த அறுவை சிகிச்சை தொடுவதே இல்லை. அது எடை குறைந்தால்தான் குறையும்.

என்னுடையது தசை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே இருபக்கத் தசைகளும் விலகிவிடும். அறுவை சிகிச்சையில் அவற்றை இழுத்துத் தைப்பார்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் இறங்கியது. தையல் விட்டிருப்பதை ஸ்கேன் காட்டியது. பெட்டி தூக்கியதால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தானாகவும் தளரலாம் என்றார் மருத்துவர். ஆனால் என் மனம் அந்த ஜூன் மாதத்துக்கே போகிறது.

உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துத் தசை தைக்கப்பட்டதா என்று பாருங்கள். சிலருக்குத் தோலை மட்டும்தான் எடுப்பார்கள். அப்படியானால் புடைப்பு அப்படியே இருப்பதில் வியப்பில்லை. வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருடம்கூட ஆகும் என்பதால் எட்டு மாதத்தில் மறு அறுவைக்கு அவசரப்படாதீர்கள். ஆனால் இருமும்போது ஓரிடம் மட்டும் பந்துபோல் பிதுங்கினால் குடலிறக்கமாக இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். அதோடு கடும் வலியோ வாந்தியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிசியோதெரபி பயிற்சியால் என் முதுகுவலி குறைந்தது, இடைவெளி மூடவில்லை. மறுபடி தைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். இந்த முறை செப்டம்பரில், கடைசி லோடு தோப்பை விட்டுப் போன பிறகு.