மசகு எண்ணெயும் ஒரு பைபர் படகும்

"மசகு எண்ணெயிலிருந்து பெறப்படும் இரசாயனங்கள் தொழிற்துறையில் எதற்குப் பயன்படுகின்றன, பிளாஸ்டிக் மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் பைபர் படகு செய்யும் பட்டறையொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், அங்கே கையில் பட்டதைக் கொண்டே பதில் எழுதுகிறேன்.

மசகு எண்ணெயை, அதாவது கச்சா எண்ணெயை, வடித்துப் பிரிக்கும்போது கிடைக்கும் நாப்தா என்ற இலேசான திரவத்தை நீராவியுடன் சேர்த்து 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், அதன் மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன், புரொப்பிலீன் முதலிய வாயுக்கள் உருவாகின்றன. பென்சீனும் சைலீனும் பெரும்பாலும் அதே நாப்தாவிலிருந்துதான் வருகின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் விதைநெல் இவைதான். இலங்கையின் சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969 முதல் இயங்கினாலும் அதன் வேலை எரிபொருள் பிரிப்பதே. ஆகவே எங்கள் பட்டறைக்கு வந்த றெசின் (கண்ணாடி இழையோடு சேர்ந்து இறுகிப் படகாகும் பிசின்) பீப்பாய்கள் எல்லாம் கப்பலில் வந்தவை.

அந்த றெசினைப் பாருங்கள். சைலீனிலிருந்து வரும் தாலிக் நீரிலியும் புரொப்பிலீனிலிருந்து வரும் கிளைக்கோலும் சேர்ந்த பொலியெஸ்டரை, பென்சீனும் எத்திலீனும் தந்த ஸ்டைரீனில் கரைத்து வைத்திருப்பார்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் இனித்த நெடி அந்த ஸ்டைரீனுடையது. ஒரு கிலோ றெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹாட்னர் பத்து முதல் இருபது மில்லிலீற்றர் போதும். ஒருநாள் உச்சி வெயிலில் நான் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். தூரிகையை எடுப்பதற்குள் வாளி கைவைக்க முடியாதபடி கொதித்து, புகைந்து, உள்ளேயிருந்தது பாளம்பாளமாக வெடித்துக் கல்லாகிவிட்டது. ஹாட்னரும் எண்ணெய்வழி வந்ததே. படகில் அப்படி வராத பெரிய பொருள் கண்ணாடி இழை மட்டும்தான். அதற்கு மூலம் மணல்.

வலைக்குரிய நைலோன் பென்சீனிலிருந்து வருகிறது, நீரில் தாழும். கயிற்றுக்குரிய பொலிபுரொப்பிலீன் மிதக்கும். கடலில் எதை எங்கே கட்டுவதென்பதை இதுவே தீர்மானிக்கிறது.

ஆனால் பிளாஸ்டிக்கோடு நிறுத்தினால் பதில் பாதிதான். மசகு எண்ணெயைப் போலவே நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை வாயுவிலிருந்து ஐதரசனைப் பிரித்து, அதைக் காற்றின் நைதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கி, அதிலிருந்து செய்யப்படும் யூரியாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதில் 46 சதவீதம் நைதரசன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அம்பாறை வயல்காரர் தேடி அலைந்த வெள்ளைக் குருணை அதுதான்.